இன்ஸ்டா ஐடியும் இனி ஆவணம்தான்

அமெரிக்க வீசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தை நம்மூர்ப் பிள்ளைகள் பலர் தாங்களே நிரப்புவதில்லை. நெல்லை ஜங்ஷனிலோ பாளை மார்க்கெட் பக்கமோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அண்ணாச்சி கேட்கக் கேட்கப் பதில் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் எண், அப்பா பெயர், போகிற தேதி எல்லாம் சரியாக ஏறிவிடும். சமூக ஊடகக் கட்டம் வரும்போதுதான் அவசரம் தொற்றிக்கொள்கிறது. "அது எதுக்குத் தம்பி, இல்லைன்னு போட்டுருவோம்." அந்த ஒரு 'இல்லை'யில் ஐ-20 சேர்க்கைப் படிவம் வாங்கிய படிப்பும் போகலாம், ஆஃபர் லெட்டர் வாங்கிய வேலையும் போகலாம்.

கேள்வி புதிதல்ல. 2019 மே 31 முதல் அது படிவத்தில் இருக்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருந்தீர்கள், அங்கே உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். புதிது என்னவென்றால், இப்போது உட்கார்ந்து படிக்கிறார்கள். 2025 ஜூன் 18-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை எஃப், எம், ஜே பிரிவு மாணவர்களும் பயிற்சிக்குப் போகிறவர்களும் தங்கள் கணக்குகளை 'பப்ளிக்' ஆக்க வேண்டும் என்றது. டிசம்பர் 15 முதல் எச்-1பி ஊழியர்களும் எச்-4 குடும்பத்தினரும் அதே வரிசையில் சேர்ந்தார்கள். அந்த மாதம் சென்னை உள்பட இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் வீசா ஸ்டாம்பிங்குக்கு நேரம் வாங்கியிருந்த பலருடைய தேதி 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. ஊருக்கு வந்தவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பரிசோதனையால் உருப்படியான பலன் உண்டா என்பது வேறு விவாதம். 2017-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரே, அதுவரை நடந்த சோதனை முயற்சிகள் வெற்றியா தோல்வியா என்று அளக்க அளவுகோலே வைக்கப்படவில்லை என்று அறிக்கை எழுதினார். ஒருவனுடைய 5 வருட அரட்டையைப் படித்து அவனை எடைபோடுவது எனக்கும் உவப்பில்லை. ஆனால் தூதரக ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த நியாயத்தைப் பேச முடியாது. இங்கே பேசப்போவது, அந்த ஜன்னலுக்குப் போகும்முன் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். அரசியல் கருத்தால் வீசா போனவர்களின் கதைதான் செய்தியாகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, பொருந்தாமை. படிவம் ஒன்று சொல்லும், லிங்க்ட்இன் இன்னொன்று சொல்லும், இன்ஸ்டா மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். அதிகாரிக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் மூன்றும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும்.

முதலில் கணக்கெடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் பெயரில் எத்தனை ஐடி இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பேஸ்புக், கல்லூரியில் தொடங்கிய இரண்டாவது இன்ஸ்டா, தலைவர் பெயரையோ தளபதி பெயரையோ ஒட்டவைத்துத் தொடங்கிய எக்ஸ் கணக்கு, யூடியூப் சேனல், ரெடிட், பின்ட்ரெஸ்ட். எல்லா மெயில் ஐடியிலும், பழைய சிம் எண்ணிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்துத் தேடினால் மறந்துபோனவை வெளியே வரும். டிக்டாக் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் அது 2020 ஜூன் 29-ல் தடையானது. இங்கேயே இருந்தவர்களுக்கு 5 வருடக் கெடு கடந்துவிட்டது.

படிவத்தில் ஏறத்தாழ 20 தளங்களின் பட்டியல் வரும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், யூடியூப் எல்லாம் அதில் உண்டு. எப்போதோ மூடப்பட்ட வைனும் கூகுள் பிளஸும்கூட உண்டு, அதை யாரும் திருத்தவில்லை போலிருக்கிறது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இடம்பெற்றதில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள தளங்களைச் சொல்ல விருப்பமா என்று அடுத்ததாக ஒரு கேள்வி வரும். பாஸ்வேர்டை மட்டும் படிவத்தில் எங்கேயும் கேட்பதில்லை. 'தூதரகம் கேட்கிறது, பாஸ்வேர்டு கொடுங்க' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூடிய கணக்கையும் எழுத வேண்டுமா? 5 வருடத்துக்குள் பயன்படுத்தியிருந்தால் எழுதுங்கள். கேள்வி 'பயன்படுத்தியிருக்கிறீர்களா' என்பதுதான். தவறான தகவல் என்று அதிகாரி முடிவு கட்டினால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அது வேண்டுமென்றே சொன்ன பொய் என்ற பிரிவுக்குள் போய், வாழ்நாள் தடை வரை இழுக்கும். சமூக ஊடக விவரத்தை விட்டுவிட்டால் வீசா மறுக்கப்படலாம், எதிர்கால வீசாவும் பாதிக்கப்படலாம் என்று இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே 2025 ஜூனில் அறிவித்தது. கணக்கே இல்லாதவர் 'இல்லை' என்று போடலாம், தப்பே இல்லை. மானூரில் நெல்லும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்குக் கணக்கு இல்லையென்றால் இல்லைதான். ஆனால் பேரன் தன் விளையாட்டுக்காகத் தாத்தா போனில் ஒரு பேஸ்புக் தொடங்கியிருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் நிரப்புவது குற்றமல்ல. 'படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா' என்று படிவமே கேட்கிறது. உதவியிருந்தால் 'ஆம்' என்று போட வேண்டும். கையெழுத்துப் பொத்தானை அழுத்த வேண்டியது நீங்கள். அண்ணாச்சி அழுத்தினாலும் பொறுப்பு உங்களுடையது. ஏற்கெனவே தவறாக அனுப்பிவிட்டீர்களா? நேர்காணலுக்கு முன்பே புதிய படிவம் நிரப்பி, அதன் பார்கோடு எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கில் மாற்றுங்கள். எண் பொருந்தாவிட்டால், நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் வரிசையில் நின்றும் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

லிங்க்ட்இன்: இங்கேதான் சறுக்கல்

இன்ஸ்டாவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வேலைக்குப் போகிறவர் முதலில் பயப்பட வேண்டியது லிங்க்ட்இன்னைப் பற்றி.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், சென்னையில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்துவிட்டு, லிங்க்ட்இன்னில் அதை 'சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஒரு வருடம்' என்று போட்டிருப்பார். வேலை தேடும்போது எல்லோரும் செய்வதுதானே என்று அவருக்கு அது உறுத்தியிருக்காது. கம்பெனி எச்-1பி மனுவில் உண்மையான தேதிகளைக் கொடுக்கும். இப்போது இரண்டு தேதிகளில் ஒன்று பொய். எது பொய் என்று கண்டுபிடிக்கும் வேலை அதிகாரிக்கு வருகிறது. அவர் உங்கள் கையில் முடிவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சிலிப்பைக் கொடுத்து, கோப்பை ஓரமாக வைக்கிறார். அது வாரங்களாகவும் போகலாம், மாதங்களாகவும் போகலாம்.

ஆகவே உண்மையான அனுபவக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, சேர்ந்த மாதம், விலகிய மாதம், பதவியின் பெயர் மூன்றையும் லிங்க்ட்இன், பயோடேட்டா, படிவம் ஆகியவற்றில் ஒன்றாக்குங்கள். கம்பெனி மனுவில் உங்கள் பணி என்ன பெயரில் போயிருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அந்த மனு உங்களைப் பற்றியது.

போலி அனுபவம் போட்டுக்கொடுக்கும் கன்சல்டன்சிகளைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான். அவர்களுடைய சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனைக்குள் போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் தூதரகங்களுக்குப் போன உத்தரவு ஒன்றைப் பற்றி ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எச்-1பி கேட்பவரும் உடன் போகும் குடும்பத்தினரும் உள்ளடக்க மட்டுறுத்தல், உண்மை சரிபார்ப்பு, பொய்த்தகவல் தடுப்பு போன்ற வேலைகளில் இருந்திருக்கிறார்களா என்று பயோடேட்டாவையும் லிங்க்ட்இன்னையும் பார்க்கச் சொல்லியிருந்தது அந்த உத்தரவு. பேச்சுரிமையை நசுக்கியவர்களைக் கண்டுபிடிப்பதற்காம். பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் பெரிய தளங்களுக்காக ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து வன்முறை வீடியோக்களை நீக்கியவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வேலையை மறைக்க வேண்டாம், மறைத்தால்தான் சிக்கல். வேலையை உள்ளபடி விளக்கமாக எழுதுங்கள். 'டிரஸ்ட் அண்ட் சேஃப்டி' என்று மொட்டையாக விடாமல், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களை நீக்கினேன், மோசடி விளம்பரங்களைத் தடுத்தேன் என்று எதைச் செய்தீர்களோ அதையே போடுங்கள். நேர்காணலில் கேட்டால் சொல்வதற்கு இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும்.

எச்-4-ல் போகிற மனைவிமார், கணவன்மார் கவனிக்க வேண்டியது யூடியூப். 'அமெரிக்காவில் எங்க வீட்டுச் சமையல்' என்று சேனல் தொடங்கி, விளம்பர வருமானமும் வருகிறது என்றால், வேலை அனுமதி இல்லாதவர் வேலை செய்கிறாரா என்ற கேள்வி எழும். மாணவர்களின் 'டே இன் மை லைஃப்' வீடியோக்களுக்கும் இதே கதைதான். கல்லூரி வளாகத்துக்கு வெளியே கடையில் நின்று வேலை பார்க்கும் காட்சியை நீங்களே படம் பிடித்து ஏற்றியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி யாருக்கும் கிடைக்காது. வருமானம் வரும் சேனல் வைத்திருப்பவர்கள் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்குச் செலவழிக்கும் ஒரு மணி நேரக் கட்டணம் வீண்போகாது.

பிரபாகரன் படம், அரிவாள் ரீல்ஸ், நையாண்டி

தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு வேறு எந்த மாநிலத்தாருக்கும் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. நவம்பர் 27-ல் விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் பதிவு, அவர்கள் தலைவர் பிரபாகரன் படம் போட்ட டிபி, புலிக்கொடி வைத்த கவர் போட்டோ. நம்மூரில் இது கல்யாண பேனரில்கூட வருகிற சங்கதி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் விடுதலைப் புலிகள் 1997 முதல் இருக்கிறார்கள். இந்தியாவில் 1992 முதல் தடை. 2024 மே மாதம் அது மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியப் பட்டியல்களிலும் அவர்கள் பெயர் ஏறியிருக்கிறது. பேஸ்புக்கே பிரபாகரன் படங்களை நீக்கி, போட்டவர்களின் கணக்கை முடக்கியதைப் பலர் அனுபவித்திருப்பார்கள்.

அமெரிக்கச் சட்டம் பயங்கரவாதத்தில் ஈடுபட்டவரை மட்டும் தடுக்கவில்லை. அதை ஆதரித்தோ பாராட்டியோ பேசியவரையும் தடுக்கிறது. ஈழத்தில் செத்தவர்களுக்காக அழுவதும், ஒரு அமைப்பைப் போற்றுவதும் நமக்கு வேறு வேறாகத் தெரியலாம். ஜன்னலுக்கு அப்பால் இருப்பவருக்குப் படமும் கொடியும் மட்டும்தான் தெரியும். உங்கள் அரசியலை விடச் சொல்ல நான் யார்? போகப்போகும் நாட்டின் சட்டம் அந்தப் படத்தை எப்படிப் படிக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 5 வருடத்துப் பதிவுகளை ஒருமுறை கீழே வரை தள்ளிப் பாருங்கள். இன்று உங்கள் கருத்தாக இல்லாததை, யாரோ டேக் செய்ததை, பொருள் தெரியாமல் ஷேர் செய்ததை எடுத்துவிடுவதில் குற்றம் இல்லை. அதை விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த உடனேயே செய்யுங்கள். நேர்காணலுக்கு முந்தின ராத்திரி ஆயிரம் பதிவுகளை அழிப்பதும், கணக்கையே மூடுவதும் எதையோ ஒளிக்கிறார் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். கேள்வி வந்தால் மறுக்காமல், நடந்ததைச் சொல்லுங்கள்.

அரிவாள் ரீல்ஸுக்கு மன்னிப்பே இல்லை. பின்னணியில் சாதிப் பாட்டு, கையில் அரிவாள், பைக்கில் மூன்று பேர். தாமிரபரணியின் இரு கரையிலும் இது நோயாகப் பரவியிருக்கிறது. இதை வெளிநாட்டு அதிகாரி பார்ப்பதற்கு முன் நம்மூர் ஸ்டேஷன் பார்த்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நையாண்டி கடல் கடந்தால் நையாண்டியாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். 2012 ஜனவரியில் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இளைஞர் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் இறங்கினார். 'அமெரிக்காவை அழிக்கப் போகிறேன்' என்று முன்கூட்டியே ட்விட்டரில் எழுதியிருந்தார். குடித்துக் கும்மாளம் போடப் போகிறேன் என்பதுதான் அவர் ஊர் வழக்கில் அதன் அர்த்தம். விளக்கம் எடுபடவில்லை. பிடித்து வைத்து விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆங்கிலேயன் ஆங்கிலத்தில் எழுதியதற்கே அந்தக் கதி. 'சம்பவம் பண்ணிருவோம்', 'சோலி முடிஞ்சு' என்று நாம் கமென்டில் போடுவதை ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் எப்படி மாற்றித் தரும் என்று நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

போன் கைமாறினால்

வீசா கிடைத்தாலும் எல்லையில் இன்னொரு சோதனை உண்டு. அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் அதிகாரிகள் போன், லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம், வாரன்ட் தேவையில்லை. 2024 நிதியாண்டில் அப்படிப் பார்த்தது ஏறத்தாழ 47,000 சாதனங்கள். உள்ளே வந்தவர்களில் அது 0.01 சதவீதம் அளவுதான். வாய்ப்பு குறைவு, வந்தால் விளைவு பெரிது. போனில் இருப்பதை மட்டுமே பார்க்கலாம், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. போனின் கடவுச்சொல்லைத் தர மறுக்கும் வெளிநாட்டவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். போனையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வாட்ஸ்அப் உள்ளே வருகிறது. தெரு குரூப், கல்லூரி குரூப், கட்சி குரூப் எல்லாவற்றிலிருந்தும் வரும் படங்கள், நீங்கள் திறக்காவிட்டாலும் தானாக இறங்கி கேலரியில் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குள் போய்த் தானியங்கிப் பதிவிறக்கத்தையும், கேலரியில் காட்டுவதையும் இன்றே நிறுத்துங்கள். அழித்த படங்கள் 'சமீபத்தில் அழித்தவை' என்ற கோப்பில் ஒரு மாதம் வரை கிடக்கும். 2025 மார்ச்சில், அமெரிக்காவில் எச்-1பியில் வேலை பார்த்த லெபனான் நாட்டுச் சிறுநீரக மருத்துவர் ஒருவர் பாஸ்டனில் இறங்கியபோது, அவர் போனில் அழித்த படங்களின் கோப்பில் ஹிஸ்புல்லா தலைவரின் படங்கள் இருந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2019 ஆகஸ்டில் ஹார்வர்டில் சேர வந்த 17 வயதுப் பாலஸ்தீன மாணவனைத் திருப்பி அனுப்பியபோது, தன் பதிவுகளுக்காக இல்லை, நண்பர்களின் பதிவுகளுக்காக என்று அந்த மாணவன் சொன்னான். பத்து நாளில் மறுபடி விட்டார்கள் என்பது வேறு. கும்பலோடு கும்பலாகச் சேர்ந்த குரூப்புகளிலிருந்து கிளம்பும் முன் விலகிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

கம்பெனி லேப்டாப் எடுத்துப் போகிறவர்கள், எல்லையில் கேட்டால் என்ன செய்வது என்று ஐடி பிரிவிடம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் தரவு உள்ள மெஷினை உங்கள் முடிவில் திறந்துகொடுத்துவிட்டு, பிறகு அலுவலகத்தில் விளக்கம் எழுத வேண்டாம்.

வளைகுடாவும் சிங்கப்பூரும்

மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது அங்கே யாரும் இன்ஸ்டா ஐடி கேட்பதில்லை. சோதனை போன பிறகு வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ள இணையக் குற்றச் சட்டம், வதந்தி, மத நிந்தனை, அனுமதி இல்லாமல் அடுத்தவரைப் படமெடுப்பது எல்லாவற்றுக்கும் சிறையும் பெரும் அபராதமும் வைத்திருக்கிறது. நம் ஆட்களை அதிகம் மாட்டிவிடக்கூடியது வசூல். ஊர்ப் பள்ளிவாசல் கட்ட, கோயில் கொடை நடத்த, யாருக்கோ ஆபரேஷனுக்கு என்று வாட்ஸ்அப்பில் நிதி திரட்டுவது, உரிமம் இல்லாவிட்டால் அங்கே குற்றம். நல்ல காரியம்தானே என்ற வாதம் செல்லாது. 2020 ஏப்ரலில், முஸ்லிம்களை இழிவுபடுத்திப் பதிவு போட்ட இந்தியர்கள் சிலர் அமீரகத்தில் வேலை இழந்தார்கள். இந்தியத் தூதரே பொது எச்சரிக்கை விடும் அளவுக்கு அது போனது. மதக் கேலி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலாளி ஒரே நாளில் டிக்கெட் போட்டுவிடுவார்.

சிங்கப்பூர் 2020 நவம்பரில், பிரான்சில் நடந்த தாக்குதல்களை ஒட்டி வன்முறையைத் தூண்டும் பதிவுகள் போட்டதாக 16 வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் கட்டுமான வேலைக்கு வந்த வங்கதேசத்தினர். வொர்க் பெர்மிட் போனால் ஏஜென்டிடம் கட்டிய பணம் திரும்பாது.

முதல் சோதனை நம்மூர் ஸ்டேஷனில்

அரிவாள் ரீல்ஸுக்கு வருகிறேன். நெல்லை மாவட்டக் காவல்துறை, சாதி மோதலைத் தூண்டும் பதிவுகளைக் கண்காணித்து வழக்குப் போடுகிறது. 'சும்மா ரீல்ஸ்தானே' என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவைத்தாலும், எஃப்.ஐ.ஆர். காகிதத்தில் நின்றுவிடும். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துவிட்டால், 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அப்போது வழி, அதே நீதிமன்றத்தில் மனு போட்டு வெளிநாடு செல்ல அனுமதி வாங்குவது; 1993 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை அதற்கு இடம் தருகிறது. வழக்கு உள்ளவர்கள் அதை மறைத்துப் பாஸ்போர்ட் கேட்காதீர்கள். போலீஸ் சரிபார்ப்பில் வெளியே வந்தால், வழக்கோடு மறைத்த குற்றமும் சேரும். போலீஸ் நற்சான்று (பிசிசி) கேட்கும் நாட்டுக்கும் இதே கதைதான். டிஎஸ்-160 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா' என்று தனியாகக் கேட்கிறது. ஸ்டேஷன் ஜாமீனில் வந்ததும் கைதுதான்.

தண்டனை கிடைத்தால்தான் பிரச்சினை என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே வருகிறவர்களுக்கு

வெளிநாட்டார் மட்டும்தான் இப்படிப் பார்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2019 டிசம்பரில், சென்னை ஐஐடியில் பரிமாற்றத் திட்டத்தில் இயற்பியல் படித்த ஜெர்மன் மாணவர் யாக்கோப் லிண்டன்தால், குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பில் பதாகை பிடித்து நின்ற படம் பரவியதும் நாட்டைவிட்டுப் போகச் சொல்லப்பட்டார். அதே வாரத்தில் கொச்சியில் ஒரு நார்வே சுற்றுலாப் பயணி, ஊர்வலத்தில் கலந்துகொண்டதைப் பேஸ்புக்கில் எழுதியதற்காக வெளியேற்றப்பட்டார். வீசா விதியை மீறிவிட்டார்கள் என்பதுதான் இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் வெளிநாட்டு விருந்தினரை அழைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், தங்குமிடத்தின் சி படிவத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்வதோடு, போராட்டக் களத்துக்குப் போகவோ அதைப் பற்றிப் பதிவு போடவோ வேண்டாம் என்று வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் அவர் விமானம் ஏறும் நாளில் சொல்வதைவிட எளிது.

ஊருக்கு வரத் திட்டமிடும் எச்-1பி அன்பர்களுக்கு

ஆனித் தேரோட்டத்துக்கோ தங்கை கல்யாணத்துக்கோ வருவதற்கு முன், பாஸ்போர்ட்டில் உள்ள வீசா ஸ்டாம்ப் எப்போது முடிகிறது என்று பாருங்கள். செல்லுபடியாகும் ஸ்டாம்ப் இருந்தால் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. முடிந்திருந்தால் பழைய குறுக்குவழிகள் இப்போது அடைபட்டிருக்கின்றன. நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டு வீசா வாங்கும் வசதி 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மெக்சிகோவிலோ கனடாவிலோ முடித்துக்கொள்ளலாம் என்பதும் அதே மாதத்தோடு போயிற்று. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆகவே ஸ்லாட் கையில் வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். போட்டாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். கணக்குகளைப் பப்ளிக் ஆக்குவதை நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே முடித்து, வீசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் வரும்வரை அப்படியே விடுங்கள். பப்ளிக்காக இருக்கும் நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால், குழந்தைகளின் படங்கள், வீட்டு முகவரி, போன் எண் தெரியும் பதிவுகளை முன்பே எடுத்துவிடுங்கள்.

221(ஜி) சிலிப் விழுந்து இரண்டு மாதம் இங்கேயே இருக்க நேர்ந்தால், இந்தியாவிலிருந்து வேலை பார்க்க அனுமதி உண்டா, எத்தனை நாள், சம்பளம் எந்த நாட்டில் ஏறும், வரி யாருக்கு என்று கிளம்பும் முன்பே மேனேஜரிடமும் எச்.ஆரிடமும் எழுத்தில் வாங்கி வையுங்கள். சில கம்பெனிகள் சில வாரம் விடும், சில ஒரு நாளும் விடாது. விடாத கம்பெனி என்றால், சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் வரை வேலையைக் காப்பாற்றும் என்ற கேள்வியையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.